ஆறாம் நாள் கொடி

கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டுமென்றால் நேராகப் பாதி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது. முதலில் உச்சிவரை விறுவிறுவென்று ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்த வேண்டும். பிறகுதான் மெல்ல இறக்கிப் பாதியில் கட்ட வேண்டும். சாயங்காலம் அவிழ்க்கும்போதும் அப்படியே. மறுபடி உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வர வேண்டும். டார்லா ஸ்டிக்லர் இதில் இருபத்திரண்டு வருடங்களில் ஒருநாளும் தவறியதில்லை. கயிறு இரும்புபோல் விறைத்துக் கிடக்கும் ஜனவரிக் காலையிலும் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு வெறுங்கையால்தான் ஏற்றுவாள்.

தெற்கு இண்டியானாவில் டெல்வுட் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்தின் கோர்ட்டுக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாற்காலித் தொழிற்சாலையை மூடிய வருடம் அதில் சேர்ந்தாள். அதே வருடம்தான் டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்று வேலை என்று போன அவள் கணவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். யாராவது அதைக் கிளறினால், "அவன் குறட்டைக்கு எங்க கோர்ட்டுக் கொதிகலன் எவ்வளவோ மேல்" என்பாள். படிகளில் பனி உறையாமல் உப்புத் தூவுவது, பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்குவது, ஜூரி அறைக்குக் காப்பி போடுவது, எல்லாம் அவள்தான். கொடியும் அவள் பொறுப்பு. சனி ஞாயிறு மட்டும் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஷேன் என்ற இளம் போலீஸ்காரன் வந்து ஏற்றிவிட்டுப் போவான்.

கொடியை மடித்து வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதி வந்தாள். தேதி, ஊர், எத்தனை நாள். வரலாறு எழுதும் ஆசையெல்லாம் இல்லை. கொடி பாதியில் நிற்பதைப் பார்த்தால் படியேறி வருகிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். "இன்னைக்கு யாரு செத்தா, டார்லா?" பதில் தெரியாமல் விழிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் மூன்று வருடங்களில் ஆறே வரிகள். ஒரு பழைய ஜனாதிபதி, சில சிப்பாய்கள், ஒரு தீயணைப்பு வீரர். அதற்கப்புறம் துப்பாக்கிச்சூடு நடந்த ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஒரு கடைவீதி. ஒரு தேவாலயம். ஒரு நடனக்கூடம். மறுபடி பள்ளிக்கூடம். எட்டிப் பிடித்து எழுதத் தொடங்கியவள், கதவின் கீழ்ப்பாதிக்கு வந்தபோது மண்டிபோட்டு எழுதினாள்.

கேள்வியும் மாறியது. "யாரு செத்தா?" என்று கேட்டவர்கள், சில வருடங்களில் "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். பிறகு "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார்கள். கடைசியில் ஒன்றுமே கேட்காமல் கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

இதையெல்லாம் அவள் பேசுவது ஒரே ஒருத்தியிடம்தான். கிளெண்டா ப்ரூயிட், கோர்ட்டின் பதிவாளர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கிளெண்டா அந்தப் பதவிக்கு நாலு தடவை தேர்தலில் நின்று ஜெயித்தவள், டார்லா அவள் அறைக் குப்பைக்கூடையைக் காலி செய்கிறவள். அது இருவருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. வியாழக்கிழமைதோறும் கொதிகலன் அறையில் உட்கார்ந்து, தட்டைவிடப் பெரிதாகப் பொரித்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்பார்கள்.

"கூடிக்கிட்டேதான்டி போகுது," என்பாள் டார்லா. "கதவைப் பாரு. கையை நீட்டி எழுதினவ, இப்ப முட்டி போட்டு எழுதறேன்."

"நீ எழுதறது கொடி இறங்கின நாளு. சுட்ட கணக்கு இல்ல. முன்னாடி இருந்த ஜனாதிபதியும் கவர்னரும் எல்லாத்துக்கும் இறக்கச் சொல்லல, இப்ப இருக்கறவங்க எதுக்கெடுத்தாலும் மெயில் போடறாங்க. பெரிய வாளியா வெச்சா தண்ணி கூடத்தான் நிக்கும். அதுக்காக மழை கூடிப்போச்சுன்னு சொல்லுவியா?"

"வெளியில நின்னு நனையறவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நனையறவளுக்கு எல்லா மழையும் பெரிய மழைதான். வாயத் தொடை, கடுகுச் சாறு ஒழுகுது."

பிறகு கிளெண்டா காகித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாள். நாலு பேர் செத்தால்தான் சிலர் எண்ணுவார்கள். நாலு பேர்மேல் குண்டு பட்டாலே எண்ணுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் நடந்ததைத் தள்ளிவிட்டுப் பொது இடத்தை மட்டும் எடுப்பார்கள் சிலர். சுட்டவன் செத்தால் அவனுக்குக் கணக்கில் இடமில்லை. ஒரு பட்டியலில் வருடத்துக்கு ஐந்தாறு, இன்னொன்றில் பல நூறு. ஒன்று ஏணிபோல் ஏறும். இன்னொன்று ஏறுகிறதா, நிற்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். டார்லா பள்ளியில் கணக்குக்குப் பயந்து கடைசி வரிசையில் ஒளிந்தவள். தனக்காக ஒருத்தி இவ்வளவு பொறுமையாக எழுதிக் காட்டுகிறாளே என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

செப்டம்பர் கடைசியில் ஊரில் பெர்சிம்மன் பழத் திருவிழா நடக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புட்டிங் போட்டி. அன்றைக்குக் கோர்ட்டுக் கட்டடத்தை மத்தியானமே மூடிவிடுவார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எழுபது வருடத்து வழக்கம். அந்த வருடம் டார்லா பதினொன்றே முக்காலுக்கே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு மாடியேறினாள். "எந்திரிடி! உன் புட்டிங் அங்க ஆறிப் போகுது, நீ இங்க காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழுவுற." கிளெண்டாவின் புட்டிங்குக்கு அன்று முதல் பரிசு. நீல ரிப்பனை அவள் சட்டையில் குத்திவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாக விசிலடித்தது டார்லாதான்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டார்லாவின் தங்கை ஐலீன் வீட்டில் சாப்பாட்டு நேரம். ஐலீனின் மகள் பெதானி, கணவன் ட்ராவிஸின் அடி தாங்காமல் பத்து நாள் முன்னால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பாதுகாப்புக் கேட்டு அந்த வாரம்தான் கோர்ட்டில் மனுக் கொடுத்திருந்தாள். உத்தரவு கையில் கிடைத்தால் ஷெரிஃப் போய் ட்ராவிஸின் துப்பாக்கிகளை எடுத்துவர வேண்டும். உத்தரவு போய்ச் சேரவில்லை. ட்ராவிஸ் வந்து சேர்ந்தான். ஐலீன், அவள் கணவர் வெர்ன், சோளக்கதிர் கொடுத்துவிட்டுப் போக வந்த பக்கத்து வீட்டு ஓடிஸ் கிழவர் மூவரும் செத்தார்கள். பெதானியின் வலது தோளில் பட்டது. பிறகு ட்ராவிஸ் வாசலில் உட்கார்ந்து தன்னையே சுட்டுக்கொண்டான். முதலில் போய்ச் சேர்ந்த போலீஸ்காரன் ஷேன்.

நீதிபதி இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்று டார்லா நினைத்துக்கொண்டாள். கோர்ட்டு என்றால் தாமதம்தான் என்று ஊரும் சொன்னது. செய்தித்தாள் 'குடும்பத் தகராறு' என்று போட்டது.

திங்கள்கிழமை காலை அவள் மெயிலைப் பார்த்தாள். கொடிக்கு உத்தரவு இல்லை. செவ்வாயும் இல்லை. அவளாக இறக்க முடியாது. ஜனாதிபதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் கவர்னர். இருபத்திரண்டு வருடங்களாக யார் யாருக்கோ இறக்கிய கயிற்றை உச்சியில் கட்டிவிட்டுத்தான் அவள் தங்கையின் அடக்கத்துக்குப் போனாள்.

அடக்கம் முடிந்து தேவாலய அடித்தளத்தில் எல்லோரும் உருளைக்கிழங்கு மசியலும் பன்றித் தொடைக்கறியும் தின்றுகொண்டிருந்தபோது கிளெண்டாவைத் தனியே இழுத்தாள்.

"கவர்னருக்கு ஒரு லெட்டர் போடணும்டி. ஐலீனுக்கு ஒரே ஒரு நாள் போதும். எனக்கு அந்த மாதிரி எழுதத் தெரியாது."

கிளெண்டா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நீ எதுக்கு எழுதணும்? நான் எதுக்கு இருக்கேன்? கவுண்டி முத்திரை போட்டு நானே அனுப்பறேன். நான் பாத்துக்கறேன், நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு."

அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. மேலிடத்தில் பதில் வரத் தாமதமாகிறது என்றாள் கிளெண்டா. பெதானி டார்லாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

"மூணுன்னா கணக்குல வராதாம்ல, பெரியம்மா? நானும் செத்திருந்தா நாலாயிருக்கும். அம்மாவைச் சேர்த்திருப்பாங்க."

"வாய மூடு. சூப்பைக் குடி."

"சும்மா சொன்னேன்."

"லெட்டர் போயிருக்கு. கிளெண்டா போட்டிருக்கா."

ஏப்ரலில் மாநிலச் சட்டசபைக் குழு ஒன்று ஊர் ஊராக வந்து கேட்டது: கூட்டமாகச் சுட்டுக் கொல்வது நிஜமாகவே அதிகமாகிவருகிறதா, இல்லை அப்படித் தோன்றுகிறதா? டெல்வுட்டில் கோர்ட்டுக் கூடத்தில் விசாரணை. எண்பது நாற்காலிகளைப் போட்டவள் டார்லா. மைக்கைத் தட்டிப் பார்த்தவள் டார்லா. படம் காட்ட விளக்கை அணைக்க வேண்டுமாம், அதனால் கடைசியில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். கவுண்டியின் சார்பில் பேச கிளெண்டா எழுந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் முத்துமாலை. விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். டார்லா அணைத்தாள்.

திரையில் அவளுடைய அலமாரிக் கதவு வந்து நின்றது.

மேலே கோணலாக, கீழே நெருக்கமாக, அவளுடைய பென்சில் எழுத்து. ஒரு இடத்தில் காப்பிக் கறைகூட அப்படியே தெரிந்தது.

"இது எங்க ஊழியர் ஒருத்தர் நல்ல மனசோட எழுதி வெச்சது," என்றாள் கிளெண்டா. "பாத்தா பயமாத்தான் இருக்கும். வருஷத்துக்கு ரெண்டா இருந்தது பத்துப் பன்னெண்டாப் போயிருக்கு. ஆனா இது கொடிக்கு வந்த உத்தரவுகளோட கணக்கு. ஒரு விஷயத்தை அதிகமாக் கவனிச்சா அது அதிகமாகிட்ட மாதிரி தெரியும். எங்க கவுண்டியையே எடுத்துக்குங்க. எழுபது வருஷப் பதிவேடு என்கிட்ட இருக்கு. அப்படி ஒண்ணுகூட நடக்கல."

குழுத் தலைவர் தாளைப் புரட்டினார். "போன செப்டம்பர்ல இங்க ஏதோ நடந்ததே, அம்மா?"

"அது குடும்ப விவகாரம், ஐயா. வீட்டுக்குள்ள நடந்தது. மூணு பேர். கணக்குல வராது."

"கொடியை இறக்கச் சொல்லி கவுண்டியிலேர்ந்து கேட்டீங்களா?"

"இல்லைங்க. அப்படி எதுவும் அனுப்பல."

விளக்கைப் போடச் சொல்லி யாரோ இரண்டு முறை கூப்பிட்டார்கள். டார்லாவின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அழுத்த நேரமாயிற்று.

கூட்டம் கலைந்ததும் மாடியேறிப் போய் கிளெண்டாவின் அறைக் கதவைச் சாத்தினாள்.

"லெட்டர் போடவே இல்லையா நீ?"

கிளெண்டா முத்துமாலையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மறுக்கவில்லை. "உக்காரு."

"ஏழு மாசம்டி. தினம் காலையில மெயிலைத் திறந்து பாத்தேன். நீ பாத்துக்கிட்டிருந்தே."

"லெட்டர் போனா கவர்னர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவான். என்ன நடந்ததுன்னு முதல்லேர்ந்து கேப்பான். பெதானியோட உத்தரவு எங்க போச்சுன்னு கேப்பான்."

"ஜட்ஜு கையெழுத்துப் போடல."

"போட்டாரு." கிளெண்டா மேஜை மூலையில் இருந்த மரத்தட்டைப் பார்த்தாள். "திருவிழா வெள்ளிக்கிழமை பதினொண்ணரைக்குப் போட்டாரு. இந்தத் தட்டுலதான் இருந்தது. ரோட்டைத் தாண்டி ஷெரிஃப் ஆபீஸுல குடுக்கணும், அஞ்சு நிமிஷ வேலை. திங்கக்கிழமை குடுத்துக்கலாம்னு வெச்சேன்."

டார்லா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எந்திரிடி எந்திரிடின்னு சாவியை ஆட்டினது யாரு?" என்றாள் கிளெண்டா. இப்போது அவள் குரல் தணிந்துவிட்டது. "வெளிக்கதவைப் பூட்டினது யாரு? கேள்வி வந்தா என்னை மட்டும் கேப்பாங்கன்னு நினைச்சியா? நான் உன்னையும் சேர்த்துத்தான் காப்பாத்தினேன், டார்லா."

"உத்தரவு தட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"தெரிஞ்சிருந்தா உன்னை அந்த நாற்காலியோட சேத்துக் கட்டிப் போட்டிருப்பேன்."

சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த நீல ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை அதன்மேல் தூசி தட்டியிருக்கிறாள் டார்லா.

அவள் கீழே வந்தாள். வாளியில் வெந்நீர் பிடித்து, தேய்க்கும் பொடியைக் கரைத்து, அலமாரிக் கதவைத் தேய்த்தாள். பென்சில் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. மேலே எட்டித் தேய்த்தாள், பிறகு முட்டி போட்டுத் தேய்த்தாள். யாருக்கோ சாட்சி சொல்லிவிட்டு அவளுக்கு எதிராகத் திரும்பிய அந்த எழுத்து, ஒரு வரிகூட மிச்சமில்லாமல் சாம்பல் தண்ணீராகத் தரையில் ஓடியது. வியாழக்கிழமைகளில் கொதிகலன் அறைக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். முதல் இரண்டு வாரம் கிளெண்டா வந்து தட்டினாள். பிறகு வரவில்லை.

கதவைத் தேய்த்த அன்றே ஒன்றை முடிவு செய்திருந்தாள். அடுத்த திருவிழா வெள்ளிக்கிழமை, உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐலீனுக்காகக் கொடி இறங்கும். வேலை போனால் போகட்டும். பெதானியிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசி வாரம் வந்தது. திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, வேறொரு மாநிலத்தில், எவனோ ஒருவன் துப்பாக்கியோடு ஒரு பந்துருட்டு விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மெயில் வந்தது. அன்றிலிருந்து ஐந்து நாட்கள், வியாழன் சூரியன் மறையும்வரை, எல்லாக் கொடிகளும் அரைக்கம்பத்தில். ஞாயிறன்று ஷேன் இறக்கினான். திங்கள் காலை டார்லா கயிற்றைப் பிடித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரே ஒரு நாளைத் தங்கைக்கென்று எடுத்து வைத்தால், அதற்குள்ளும் வேறு சாவு முண்டியடித்துக்கொண்டு வருகிறதே! எந்தப் பட்டியல் ஏறுகிறது, எது நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் வாதாடிக்கொள்ளட்டும். அழுவதற்கு ஒரு காலி நாள் கிடைக்கவில்லை. அவளிடம் இருந்த கணக்கு இப்போது அவ்வளவுதான்.

வியாழன்வரை நாலு நாள் அவள் வாசலிலேயே நின்றாள். நூறு பேராவது படியேறியிருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொடியை உச்சிவரை ஏற்றினாள். ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு இறக்கி, கயிறு தேய்ந்து வழவழத்திருந்த அந்த இடத்தில் கட்டினாள்.

ஷேன்தான் முதலில் வந்தான். "மிஸ் டார்லா, உத்தரவு நேத்தோட முடிஞ்சிருச்சே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

அவன் கொடியைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு ஐலீன் வீட்டு வாசலில் முதலில் கால் வைத்தவன் அவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நான் இந்தப் பக்கம் வரவே இல்ல, சரியா?" என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனான்.

ஒன்பது மணிக்கு கிளெண்டா வந்தாள். கையில் துணி போட்டு மூடிய புட்டிங் பாத்திரம்.

"ஏத்திடு, டார்லா. கவுண்டி கமிஷனருங்க பாத்தா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

"யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"ஐலீன்னு சொல்லுவேன். வெர்ன், ஓடிஸ்னு சொல்லுவேன். எப்படின்னு கேட்டா, தட்டுல கிடந்த உத்தரவைச் சொல்லுவேன். சாவியை ஆட்டினது யாருன்னு கேட்டா, அதையும் சொல்லுவேன்."

கிளெண்டா பாத்திரத்தை மற்றக் கைக்கு மாற்றினாள். "அம்பது வருஷத்துக்கு மேல பழக்கம், டார்லா."

"ஆமா. அதான் அந்த ஏழு மாசமும் உன்னை ஒரு கேள்வி கேக்கல."

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கீழே இறங்கினார்கள். கிளெண்டா கடைசியாக, பாத்திரம் இல்லாமல், பக்கக் கதவு வழியாகப் போனாள். டார்லா சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினாள். வெளிக்கதவை அகலத் திறந்து, கீழே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து, பெதானியை போனில் வரச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்தாள். எழுபது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதவு திருவிழா வெள்ளிக்கிழமையன்று ஐந்து மணிவரை திறந்தே கிடந்தது.

இரண்டு மணிக்கு மேல், ஊர்வலம் பார்க்க மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு போன ஒரு கிழவர் நின்றார். மலைப்பக்கத்தில் தேனீ வளர்க்கிறவர், டிவி வைத்துக்கொள்ளாதவர். கொடியை அண்ணாந்து பார்த்தார். காலியான கட்டடத்தையும் திறந்த கதவையும் பார்த்தார்.

"யாரு செத்தா, டார்லா?"

எத்தனையோ வருடம் கழித்து அந்தக் கேள்வி. டார்லா நகர்ந்து, படியில் இடம் விட்டாள்.

"உக்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும்."

பெதானி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். டார்லா பெயர்களிலிருந்து தொடங்கினாள். தட்டையும் சொன்னாள், சாவியையும் சொன்னாள். பெதானியின் பிடி ஒரு தடவை தளர்ந்தது. டார்லா நிறுத்தவில்லை. கிழவர் தோளிலிருந்த நாற்காலியை இறக்கி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். மேலத்தெருவில் ஊர்வலத்தின் தாரைகள் ஒலித்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சூரியன் மறையும்போது கொடியை உச்சிக்கு ஏற்றி, நிறுத்தி, இறக்கி மடித்தாள். பெதானி ஒரு கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியைத் திறந்தபோது தேய்த்து வெளிறிய கதவு காத்திருந்தது. டார்லா பென்சிலை எடுத்து, கையை மேலே நீட்டி, எல்லாவற்றுக்கும் முதல் வரியாக எழுதினாள். தேதி. டெல்வுட். ஒரு நாள்.